நாய்ப் பிழைப்பா?

மனிதனைத் தாழ்த்துவதற்கென்றே நம் மொழியில் வழங்கும் தொடர்கள் பல. அவற்றுள் ‘நாய்ப் பிழைப்பு’ என்பது ஒன்று. பாடுபட்டும் பயனில்லை, ஊரில் மதிப்புமில்லை என்ற நிலையைச் சுட்ட நாம் இதனை எளிதாக எடுத்து வீசுகிறோம். தோட்டப்புறங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இத்தொடர் புதியதன்று. பெரட்டுக் களத்தில் தண்டல் வைதபோதும், மழை பெய்து பால்வெட்டு நின்று கூலி குறைந்தபோதும், நம் பெற்றோர் தம் வாழ்வைத் தாமே இப்பெயரால் நொந்துகொண்டார்கள். தன் துயரைத் தானே சொல்லி அழுபவன் எச்சொல்லை ஆண்டாலும் நாம் குறை கூறுவதற்கில்லை. பிறருடைய வாழ்வின்மேல் அச்சொல்லை நாம் ஒட்டும்போதுதான் வழக்குத் தொடங்குகிறது.

அண்மையில் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தமிழாசிரியர் சிலரோடு உரையாடிக்கொண்டிருந்தேன். ஓடி வென்றவர்கள் ஓட்டம் ஓய்ந்தபின் என்ன ஆகிறார்கள் என்பதை நோக்கிப் பேச்சுத் திரும்பிற்று. அமெரிக்க நாட்டில் ஒரு வீரர், தம் விளையாட்டில் உலக வாகை சூடியவர், பின்னாளில் நாய்களைப் பழக்கி மக்கள்முன் ஆட்டம் காட்டுவதையே தம் இரண்டாம் வாழ்வாக அமைத்துக்கொண்டார் என்று சொன்னேன். “பாவம், கடைசியில் நாய்ப் பிழைப்புக்கு வந்துவிட்டார்” என்றார் ஒரு நண்பர். அனைவரும் சிரித்தனர். அவர்கள் தீயவர்கள் அல்லர். மாணவர்மீது மெய்யான அன்புடையவர்கள். வகுப்பறையில் நின்று பிள்ளைகளுக்கு எது உயர்ந்த வாழ்வு, எது தாழ்ந்த வாழ்வு என்று நாள்தோறும் சொல்லாமற் சொல்லிக்கொண்டிருப்பவர்களும் அவர்களே. ஆகவே அச்சிரிப்பைச் சிரிப்பென்று விட்டுவிட முடியவில்லை.

அவ்வீரரின் பெயர் பீட்டர் புளோம். ஃபிரிஸ்பீ என்னும் வீசுதட்டு விளையாட்டில் 1976ஆம் ஆண்டு உலக வாகையர் பட்டம் பெற்றவர். தட்டு வீசுவதும் ஒரு விளையாட்டா என்று உடனே கேட்கத் தோன்றும். தோன்றட்டும். காற்றின் திசை, தட்டின் சாய்வு, மணிக்கட்டின் சுழற்சி ஆகியவற்றைக் கணக்கிட்டு, வெகு தொலைவிலுள்ள ஓர் இடத்தில் ஒரு நெகிழித் தட்டை நினைத்தவாறு இறக்குவது எளிதென்று எண்ணுபவர் மாலையில் திடலுக்குச் சென்று ஒருமுறை வீசிப் பார்க்கலாம். புளோம் அவ்வித்தையில் முதலிடம் பெற்றபின், விசர்டு என்னும் பார்டர் கோலி இன நாயைப் பழக்கினார். அந்நாயோடு 1984ஆம் ஆண்டு, நாய்களுக்கான உலக வீசுதட்டுப் போட்டியிலும் முதலிடம் பெற்றார். தாமே வாகை சூடிய விளையாட்டில், வேறோர் உயிரையும் வாகை சூடச் செய்த மனிதர் அவர். பின்பு அக்கலையைப் பற்றி நூல் எழுதினார். போட்டிகளை நடத்தும் அமைப்பை உருவாக்கினார். ஊர் ஊராகச் சென்று மக்களுக்குக் கற்பித்தார். இதற்குத்தான் நம் நண்பர் ‘பாவம்’ சொன்னார்.

இத்துறைக்கு வித்திட்ட நிகழ்ச்சி இன்னும் சுவையானது. 1974ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பெரியதொரு பேஸ்பால் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நாடு முழுதும் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அலெக்ஸ் ஸ்டைன் என்ற கல்லூரி இளைஞர், ஆஷ்லி என்ற தம் விப்பெட் நாயோடு வேலி தாண்டித் திடலுக்குள் குதித்தார். அவர் தட்டை வீச, நாய் பாய்ந்தோடி வானில் எழும்பிக் கவ்வ, ஆட்டம் நின்றுவிட்டது. ஆட்டக்காரர்களும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இளைஞரைக் காவலர் பிடித்துச் சென்றனர். மறு ஆண்டே நாய்களுக்கான போட்டி தொடங்கிற்று. 1975 முதல் 1977 வரை மூன்றாண்டும் ஆஷ்லியே வென்றது. அழையாத இடத்தில் நுழைந்ததை நான் போற்றவில்லை. மாணவர்கள் யாரும் இதை முன்மாதிரியாகக் கொண்டு விளையாட்டரங்கின் வேலியை அளந்து பார்க்க வேண்டா!

நாயைப் பழக்குவதில் என்ன கல்வி இருக்கிறது? வீசுதட்டுக்கு ஒரு நாயைப் பழக்கும் முறையைச் சற்றே விரித்துச் சொல்கிறேன். முதல் நாளே தட்டை வானில் வீசினால் நாய் அஞ்சி ஒதுங்கும். அல்லது பல்லில் அடிபட்டுத் தட்டையே வெறுக்கும். ஆகவே முதலில் தட்டு உணவுக் கிண்ணமாகிறது. தட்டைக் கண்டால் மகிழ்ச்சி என்ற எண்ணம் அதற்கு வேண்டும். பின்பு தட்டைத் தரையில் சக்கரம்போல் உருட்டி விடுகிறார்கள். நாய் துரத்திக் கவ்வுகிறது. அதன்பின் முழங்கால் உயரத்தில் மெல்ல வீசுகிறார்கள். கவ்வியதைத் திருப்பிக் கொண்டுவருவது தனிப் பாடம். எழும்பிப் பிடிப்பது நெடுநாள் கழித்தே வரும். குட்டியின் எலும்பு முனைகள் முற்றி இறுகுமுன் உயரத் தாண்டச் செய்தால் கால் வாழ்நாள் முழுதும் கெடும். ஓராண்டுக்கு மேலும் பொறுத்திருக்க வேண்டும். தாண்டத் தொடங்கியபின்னும், நாய் நான்கு கால்களிலும் ஒருசேர இறங்குமாறு தட்டின் உயரமும் கோணமும் அமைய வேண்டும். பின்னங்கால் இரண்டில் மட்டும் செங்குத்தாக விழும் நாய்க்கு முதுகெலும்பு போய்விடும். இவ்வளவுக்கும் மேலாக, நாய் இன்னும் ஒருமுறை வேண்டுமென்று துள்ளிக்கொண்டிருக்கும்போதே பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். களைத்துப் படுக்கும்வரை விரட்டினால் மறுநாள் அது திடலுக்கு வராது.

ஓட்டப் பயிற்சி பெற்றவர் இதைப் படித்தவுடன் தம் பயிற்சியேட்டைக் காண்பார். சிறு சிறு படியாக ஏற்றுதல், வளரும் உடலுக்கு மிகைச் சுமை தராமை, ஓய்வையும் பயிற்சியின் பகுதியாகக் கொள்ளுதல், தளர்ச்சியின் முதல் அறிகுறியை நடையிலேயே கண்டுபிடித்தல் — இவையெல்லாம் வீரன் தன் தசையிலும் நரம்பிலும் கற்ற பாடங்கள். நம் நாட்டு வெயிலை எண்ணிப் பாருங்கள். நாய்க்கு மனிதனைப்போல் மேனியெங்கும் வியர்வை வராது. நாவைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் அது உடற்சூட்டைத் தணிக்கும். பகல் பதினொரு மணி வெயிலில் அதனை ஓட்டுபவன் கொலைகாரன். விடியற்காலையில் புல் ஈரமாயிருக்கும்போதே பயிற்சி முடிய வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளும் அந்த நேரத்தில்தான் ஓடினார்கள். சூட்டின் தன்மை அவர்களுக்கு நூலைப் படித்து வந்த அறிவன்று. மேடையில் பெறும் வெள்ளிக் கிண்ணம் மங்கிப்போகும். உடல் கற்ற இவ்வறிவு மங்குவதில்லை. அதனை வேறோர் உயிருக்கு மாற்றிக் கொடுப்பவன் எப்படித் தாழ்ந்தவனாவான்?

வெளிநாட்டான் கதை நமக்கு எதற்கு என்பார்க்கு நம்மவர் ஒருவரையே காட்டுகிறேன். சாண்டோ சின்னப்பா தேவரை அறியாத தமிழர் இலர். கோவை இராமநாதபுரத்தில் 1915ஆம் ஆண்டு பிறந்தவர். ஆலை வேலை முதலாகப் பல எளிய தொழில் செய்தவர். உடற்பயிற்சியிலும் மல்லிலும் தேர்ந்து, யூஜின் சாண்டோ என்ற ஐரோப்பிய வீரரின் பெயரைத் தம் பெயருக்கு முன் பட்டமாகப் பெற்றார். அந்த உடலே அவரைத் திரைப்படச் சண்டைக் காட்சிகளுக்கு அழைத்துச் சென்றது. 1956ஆம் ஆண்டு தாய்க்குப்பின் தாரம் படத்தோடு சொந்தப் பட நிறுவனம் கண்டார். பின்பு அவர் பெயரை நிலைநிறுத்தியவை பழக்கிய விலங்குகள். 1967இல் தெய்வச்செயல் என்ற படத்தில் யானைகளை நடிக்க வைத்தார். அது எதிர்பார்த்தபடி ஓடவில்லை. அவர் விடவில்லை. அதே கதையை 1971இல் இந்தியில் எடுத்தபோது வடநாடே திரண்டு பார்த்தது; மறு ஆண்டு தமிழில் நல்ல நேரம் ஆயிற்று. 1977இல் ஆட்டுக்கார அலமேலு படத்தில் ஓர் ஆட்டையே கதைத் தலைமைக்கு உயர்த்தினார். 1978இல் மறைந்தார். விலங்குகளைத் தம் கையால் பழக்கியவர் அவரல்லர். பழக்குவோரைத் திரட்டி, அவர்கள் கலையை நம்பித் தம் பொருளையெல்லாம் பணயம் வைத்தவர் அவர். உடலைப் பயிற்றியவருக்குப் பயிற்சியின் அருமை தெரிந்திருந்தது.

அப்படங்கள் நம் தோட்டங்களுக்கும் வந்தன. திடலில் வெள்ளைத் திரை கட்டி, பாய் விரித்து, யானை கதாநாயகனுக்கு உதவும் காட்சியில் நம் தாய்மார் கண்ணீர் விட்டார்கள். அன்று எவரேனும் தேவரைப் பார்த்து ‘யானைப் பிழைப்பு’ என்றார்களா? இல்லை. தேவருக்குப் பணம் சேர்ந்ததால் அது கலையாயிற்று; பெயரறியாத ஒருவன் தன் வீட்டு முற்றத்தில் நாயைப் பழக்கிப் பத்து வெள்ளி ஈட்டினால் அது பிழைப்பாகிறது. அந்த யானைக்கருகே, படப்பிடிப்புக் கருவியின் கண்ணில் படாமல் நின்று சைகை காட்டிய பாகனின் பெயரை நம்மில் எத்தனை பேர் சொல்ல முடியும்? செல்வம் வந்த இடத்தில் வணங்குவதும், வராத இடத்தில் சிரிப்பதுமாகிய இப்பழக்கத்தைப் பண்பாடு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

யானைக்குள்ள மதிப்பு நாய்க்கு உண்டா என்று கேட்கும் தமிழாசிரியருக்கு அவருடைய நூலையே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. நட்பாராய்தல் பற்றிப் பேசும் இடத்தில் நாலடியார் யானையையும் நாயையும் ஒப்பிட்டு, நாய் போன்றவரின் நட்பையே கொள்க என்கிறது. நெடுநாள் பழகிய பாகனையே யானை கொல்லும். தலைவன் எறிந்த வேல் உடம்பில் தைத்து நிற்கும்போதும் நாய் வாலைக் குழைக்கும் என்பது அங்குக் காட்டப்படும் காரணம். இப்பாட்டை வகுப்பில் பொருள் கூறி நடத்தி, தேர்வில் வினாவும் கேட்டுவிட்டு, ஆசிரியர் அறைக்கு வந்து ‘நாய்ப் பிழைப்பு’ என்று சிரிப்பது எவ்வகை இலக்கியக் கல்வி? தருமபுத்திரன் தன்னைப் பின்தொடர்ந்த நாயை விட்டுவிட்டு விண்ணுலகம் புக மறுத்த கதையையும் நாம் கோயில் மேடைகளில் கேட்டுத் தலையாட்டுகிறோம். கதையில் நாய் அறம். தெருவில் நாய் இழிவு!

இந்த இழிவுணர்ச்சி எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியாததன்று. தோலைத் தொடும் தொழில், விலங்கைத் தொடும் தொழில், அழுக்கைத் தொடும் தொழில் என்று தொழில்களை அடுக்கி, அவற்றைச் செய்தவரை ஊருக்கு வெளியே நிறுத்திய பழைய சாதிப் புத்தியின் வால் இது. கப்பலேறிக் கடல் தாண்டி வந்தும் அவ்வால் அறுபடவில்லை. லயத்து வீடுகளில் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, ஒரே பெரட்டில் நின்று, ஒரே துரையின் வசைகேட்ட மக்களுக்குள்ளும் அது ஒளிந்து வந்தது. படிப்பால் ஒழியும் என்று நம்பினோம். படித்தவர்களின் நகைச்சுவையிலே அது இன்று குடியிருக்கிறது.

இங்கு ஒன்றைத் தனியே சொல்லியாக வேண்டும். நாம் வாழும் நாட்டில் நாயைத் தொடுவது நம் அண்டை வீட்டாராகிய முஸ்லிம் மக்களின் சமய நெறியோடு சேர்ந்த செய்தி. அவர்களுடைய நெறியை மதித்து, நாயை எங்கே கட்டுவது, எங்கே நடத்துவது என்று அறிந்து நடப்பது நாய் வளர்ப்போரின் கடமை. அது சமய ஒழுக்கம். அதற்குப் பொருளும் வரம்பும் உண்டு. நம்மவர் சிரிப்புக்கு அத்தகைய நெறி எதுவும் பின்னணியில் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டி ஒதுங்கிக்கொள்ள எவரும் முயல வேண்டா.

கனமான மறுப்பு வேறொன்று உண்டு. விலங்கை ஆட்டுவித்துப் பணம் சேர்ப்பது கொடுமையன்றோ என்பது அது. மறுப்பதற்கில்லை, அத்துறையின் வரலாற்றில் இரத்தக் கறை உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன், மேடையில் வித்தை காட்டும் விலங்குகள் திரைக்குப் பின்னே படும் வதையை நாவலாக எழுதினார். அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1917இல் அது நூலாக வெளிவந்தது. அதைப் படித்து உள்ளம் கொதித்தோர், விலங்கு வித்தை தொடங்கினால் அரங்கை விட்டு எழுந்து வெளியேறுவதென்று உறுதிகொண்டு அவர் பெயரால் கழகங்கள் அமைத்தனர். இந்திய அரசு 1991ஆம் ஆண்டு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, நாய் ஆகியவற்றைக் காட்சிக்காகப் பழக்குவதைத் தடைசெய்தது. சர்க்கஸ் உரிமையாளர்கள் வழக்காடினர். 1998இல் வந்த புதிய அறிவிப்பில் சிங்கம் சேர்க்கப்பட்டது. நாய் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அந்த அறிவிப்பை உச்ச நீதிமன்றம் 2001இல் உறுதிசெய்தது. மலேசியாவிலும் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இயற்றப்பட்டது.

புலியும் கரடியும் மனிதன் முன் ஆடப் பிறந்தவை அல்ல. அவற்றை ஆட வைக்கத் தீயும் கம்பியும் பட்டினியும் வேண்டியிருந்தன. நாய் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து, அவன் முகக்குறிப்பைப் படிக்கக் கற்ற உயிர். அதற்காக நாயைப் பழக்கும் எவரும் குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை. நாயின் கழுத்தில் முள்வளையம் மாட்டி இழுப்பவனும் இருக்கிறான். அவனுக்காக நான் வழக்காட வரவில்லை. விளையாட்டாகக் கற்பிக்க முடியாததை அடித்துக் கற்பிப்பவன் பயிற்சியாளன் அல்லன். இதற்குக் கரேன் பிரையர் என்ற அம்மையாரின் கதை சான்று. ஹவாய்த் தீவில் அவர் டால்பின்களைப் பழக்கினார். டால்பினை அடிக்க முடியாது. கயிறு கட்டி இழுக்க முடியாது. பிடிக்காவிட்டால் அது நீந்திப் போய்விடும். ஆகவே செய்யத் தக்கதை அது செய்த அந்த நொடியிலேயே ஒரு சீழ்க்கை ஒலி, உடனே ஒரு மீன் என்று கற்பித்தார். அவ்வறிவை 1984இல் ‘நாயைச் சுடாதே’ என்று பொருள்படும் தலைப்பில் நூலாக எழுதினார். நாய் பழக்குவோர் உலகில் அந்நூல் பெருமாற்றத்தை விளைத்தது. தண்டனையை எதிர்பார்த்து நடுங்கும் உயிர் புதியதாக எதையும் செய்து பார்க்காது என்பது அம்முறையின் உயிர்நாடி.

இவ்விடத்தில்தான் சிரித்த நண்பர்களை நோக்கி ஒரு கேள்வியை எழுப்புகிறேன். நாய் பழக்குபவன் சாட்டையைக் கீழே போட்டு ஒரு தலைமுறை கடந்துவிட்டது. நாம் பிரம்பைக் கீழே போட்டோமா? “அடியாத மாடு படியாது” என்ற பழமொழியைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்தவர்கள் நாம். அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டார்கள் என்று அதற்கொரு துணைப்பாடமும் வைத்தோம். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்த சிறுவனைக் கோட்டருகிலேயே நிற்க வைத்து ஏசும் விளையாட்டாசிரியரை நாம் கண்டதில்லையா? வாய்பாடு மறந்த பிள்ளையை அடித்ததும் அது அறிந்திருந்ததையும் மறந்து விழிப்பதைக் கண்டதில்லையா? ஒரு நாய்க்குக் காட்டும் பொறுமையை ஓர் ஆறு வயதுக் குழந்தைக்குக் காட்டாதவர், நாய் பழக்குபவனின் தொழிலைத் தாழ்வென்று சொல்லும் தகுதியை எங்கே பெற்றார்? கடுமையாகச் சொல்கிறேன் என்று சினந்துகொள்ள வேண்டா. நல்லாசிரியர் பலர் இந்நெறியைத் தாமே கண்டு கைக்கொண்டிருக்கின்றனர். அவர்களுக்கு இச்சொற்கள் உரியன அல்ல.

இனி நம் மண்ணைப் பார்ப்போம். பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயர் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. அதற்கருகே தென்னமரம் தோட்டத்தில், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917ஆம் ஆண்டு இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தார். தோட்டத்தின் பெயரே தமிழ் மணக்கிறது. அவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் உயரிய கோன்கூர் பரிசும் கிடைத்தது. துரைக்கு இரண்டாம் வாழ்வாக இலக்கியம் வாய்த்தது! அதே மண்ணில் காடழித்து நட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வாய்த்தது ஒரு திடல். ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், தஞ்சோங் காராங், வடக்கே பத்தாங் காலி, களும்பாங் என்று எத்திசையிலும் தோட்டமெனில் ஒரு கோயில், ஒரு பள்ளி, ஒரு கள்ளுக்கடை, ஒரு திடல். கள்ளுக்கடை கெடுத்ததை ஓரளவேனும் மீட்டது திடல்தான். காலணி இன்றி, செம்மண்ணில் சுண்ணாம்புக் கோடு கிழித்து ஓடிய பிள்ளைகளின் கால்களில்தான் அன்றைய தோட்டத்தின் பெருமை இருந்தது.

ஓட்டம் ஓய்ந்தபின் அவர்கள் என்ன ஆனார்கள்? எம். ஜெகதீசன் 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றார்; 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் இருநூறு மீட்டர் அரையிறுதிவரை ஓடினார். அங்கு அவர் பதித்த 20.92 வினாடி என்ற தேசியச் சாதனையை அரை நூற்றாண்டுக்கு அருகே எவராலும் முந்த முடியவில்லை. அவருக்கு மருத்துவப் படிப்பு இருந்தது. ஓட்டம் முடிந்தபின் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் இயக்குநராக உயர்ந்தார். பறக்கும் மருத்துவர் என்று நாம் அவரைப் போற்றுகிறோம், போற்றத் தக்கவரே. ஆனால் நம் மேடைகளில் அவர் ஒருவரையே திரும்பத் திரும்பக் காட்டி, “பார், ஓடினான், படித்தான், டாக்டரானான்” என்பதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. டாக்டரானதால்தான் ஓடியதும் மன்னிக்கப்பட்டது என்பது அதன் உட்பொருள். டாக்டராகாத ஓட்டக்காரனை நாம் எங்கே வைத்திருக்கிறோம்?

வேக நடை என்னும் விளையாட்டை எண்ணுங்கள். இடுப்பை அசைத்து அசைத்து நடக்கும் அந்நடையைச் சாலையோரம் கண்டு சிரிக்காத தமிழர் குறைவு. 1998ஆம் ஆண்டு கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில், ஐம்பது கிலோமீட்டர் நடையில் ஜி. சரவணன் தங்கம் வென்றார். நான்கு மணி நேரத்துக்கும் மேலாக நடந்து, நாட்டுக்குத் திடல்தடப் போட்டியில் காமன்வெல்த் தங்கத்தை முதன்முதலாகக் கொண்டுவந்தவர் அவர். சிரித்த வாய்கள் வாழ்த்தின. பொன்னாடைகள் பறந்து வந்தன. நம் சிரிப்பு எவ்வளவு மலிவானது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? வெற்றி வருமுன் சிரிப்பு, வந்தபின் பொன்னாடை, ஓய்ந்தபின் மறதி. இம்மூன்றில் எதற்கும் சிந்தனை தேவைப்படுவதில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது திடல்களும் போயின. அத்திடல்களில் ஓடியவர்களுள் பலர் பாதுகாவலராகவும் லாரி ஓட்டுநராகவும் ஆலைத் தொழிலாளராகவும் ஆயினர். அவை இழிந்த வேலைகள் அல்ல. ஆனால் அவ்வேலைகளில் அவர்களுடைய உடலறிவுக்கு இடமில்லை. நலிந்த தேசிய வீரர்களுக்கு உதவ ஓர் அறவாரியம் நாட்டில் இருக்கிறது. மாவட்ட அளவில் ஓடியவனுக்கும் தோட்டங்களுக்கிடையே ஓடியவனுக்கும் அது எட்டாது. அவர்களுள் ஒருவன் தன் அறிவைக் கொண்டு நாய்களைப் பழக்க முன்வந்தால், அவனுக்குக் கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கம் நம்மிடம் உண்டா? பெண் கொடுக்கும் வீடுதான் உண்டா? “மாப்பிள்ளை என்ன செய்கிறார்?” என்ற கேள்விக்கு “நாய் பழக்குகிறார்” என்று தலை நிமிர்ந்து சொல்ல ஒரு மாமியாருக்கு நாம் துணிவு கொடுத்திருக்கிறோமா?

பழகிய நாயின் பயன் வேடிக்கையோடு முடிவதுமில்லை. 2007ஆம் ஆண்டு லக்கி, ஃபுளோ என்ற இரு கறுப்பு லாப்ரடார் நாய்கள் நம் நாட்டுக்கு வந்து, திருட்டுப் படத் தட்டுகளை மோப்பத்தால் கண்டுபிடித்தன. தட்டுக் கடத்துவோர் அவற்றின் தலைக்கு விலை வைத்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. அரசு பதக்கமும் அளித்தது. சிரிப்புக்குரிய செய்தியாகவே பலரும் படித்தோம். ஆனால் 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் விடியலுக்குமுன் நம் வட சிலாங்கூர் மண்ணில் நடந்தது சிரிப்புக்குரியதன்று. பத்தாங் காலி அருகே கூடாரமிட்டு உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது மலைச்சரிவு இறங்கிற்று. 31 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். தீயணைப்பு மீட்புப் படையின் மோப்ப நாய்களும் அவற்றின் பயிற்றுநர்களும், சேறு எப்போது மீண்டும் சரியுமென்று அறியாத அந்தச் சரிவில், நாள்கணக்கில் தேடினர். எந்திரங்கள் தோண்ட வேண்டிய இடத்தைக் காட்டிக் கொடுத்தவற்றுள் நாயின் மூக்கும் ஒன்று. புதையுண்டவர்களின் உறவினர் கயிற்றுக்கு அப்பால் காத்து நின்ற அந்நாள்களில், நாயோடு நடந்து சென்ற மனிதனைப் பார்த்து எவரும் ‘நாய்ப் பிழைப்பு’ என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

மேடையில் தட்டைக் கவ்வும் நாய்க்கும் சேற்றில் மோப்பம் பிடிக்கும் நாய்க்கும் தொடக்கப் பாடம் ஒன்றே. இரண்டும் விளையாட்டில்தான் தொடங்குகின்றன. தேடிக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும் என்ற மகிழ்ச்சிதான் மீட்பு நாயை இடிபாடுகளுக்குள் செலுத்துகிறது. பழக்குபவனுக்கு வேண்டியவையும் ஒன்றே: காலம் அறிதல், பொறுத்தல், உடலைப் படித்தல். இவை மூன்றும் வாய்த்த இளைஞர் நம் திடல்களில் ஒவ்வோர் ஆண்டும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இப்படியொரு வாழ்வும் உண்டு என்று சொல்ல ஓர் ஆசிரியரின் வாய் வேண்டும்.

நாயைப் பள்ளிக்குள் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. வரும் ஆண்டு விளையாட்டுப் போட்டிக்கு அழைப்பிதழ் அச்சிடும்போது, திறப்புரைக்கு ஒருவர், சிறப்புரைக்கு ஒருவர், நன்கொடைக்கு ஒருவர் என்று அடுக்கும் பெயர்களுக்கிடையே, உங்கள் வட்டாரத்தில் முன்னொரு காலத்தில் ஓடிய ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவர் இன்று நாய் பழக்கினாலும் சரி, மாடு மேய்த்தாலும் சரி, லாரி ஓட்டினாலும் சரி. அவருக்குப் பொன்னாடை வேண்டா, மாலையும் வேண்டா. போட்டிக்கு ஒரு மாதம் முன்பே அழைத்து, காலை ஏழு மணிக்கு அரை மணி நேரம் பிள்ளைகளைத் திடலில் அவரிடம் ஒப்படையுங்கள். எந்தப் பிள்ளையை இன்று ஓட விடக்கூடாது என்று அவரைக் கேளுங்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். நீங்களும் அருகில் நின்று பாருங்கள். பிரம்பை மட்டும் அலுவலக அலமாரியிலேயே விட்டு வாருங்கள்.